முன் பிரேக் எந்தக் கையில்?

ஒக்லாந்தில் ஒரு காலத்தில் சம்பளம் வாங்கிச் சைக்கிள் ஓடிய ஓர் அணி இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. இருந்தது. இரண்டே சீசன். எண்பதுகளின் நடுப்பகுதி. ஓட்டக்காரர் ஆறு பேர், ஸ்டேஷன் வேகன் ஒன்று, மெக்கானிக் ஒருவன். அந்த ஒருவன் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று இதே நகரத்தில், ஒனிஹங்காவில் ஒன்று, சான்ட்ரிங்ஹாமில் ஒன்று என்று இரண்டு சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் வந்து, கியர் விழுகுதில்லை என்று என் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் போல நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் குறிப்பு நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியது. கடைக்கு வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. மெத்தைக் கொம்பனி

படிக்க வந்த மச்சானைப் பார்க்கவென்று விசா எடுத்து வந்தவன் நான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். நான் ஒனிஹங்காவில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில், ஸ்பிரிங் கட்டுகளை லொறியிலிருந்து இறக்கும் வேலை. ஒரு வருடத்துக்கு ஒருமுறை பெர்மிட் புதுப்பிப்பார்கள்.

அங்கே ஸ்டோர்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். அவருடைய பின் சக்கரம், எங்கள் பேச்சில் சில்லு, பாம்பு போல நெளிந்து ஓடும். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், ஒரு நாள் மத்தியான இடைவேளையில் அவரைக் கேட்காமலே கழற்றி, கம்பி கம்பியாக இறுக்கி, சில்லை நேராக்கி வைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் என் கடையில் ஒரு நாளைக்குப் பத்துச் சில்லு நேராக்கியவன் நான். சுன்னாகத்திலிருந்து கூட ஆட்கள் தேடி வருவார்கள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். பெயர் கெவின். பெரிய உடம்பு, சின்னக் குரல். என்னோடு மேரி அக்காவும் வந்தார். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ் அம்மா. தையல் பகுதிக்கு மேற்பார்வை, ஒஃபிஸ் டைப்பிங்கும் அவர்தான். என் இங்கிலிசுக்கும் அவர்தான்.

கெவின் கேட்டார்: “ஆர் அந்தச் சில்லில கை வைச்சது?”

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். “நான்தான், பொஸ்” என்றேன்.

அவர் மேரி அக்காவிடம் நீளமாக ஏதோ சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, பயப்படாதீங்க. அவரு சைக்கிள் டீம் வைக்கப் போறாராம். உங்களை மெக்கானிக்கா வரச் சொல்றாரு.”

“மெத்தைக் கொம்பனிக்கு ஏன் அக்கா சைக்கிள்?”

“எனக்கு என்னா தெரியும் லா. சட்டை முதுகுல கம்பெனி பேரைத் தைக்கணுமாம். அந்தத் தலைவலி வேற எனக்கு.”

அன்று தொடங்கிய குழப்பம் எனக்கு. வேகமாகப் போகிறவன் முதுகில் நித்திரை கொள்ளும் மெத்தையின் பெயர். மேரி அக்கா தைத்த சட்டையில் பெயருக்குக் கீழே ஒரு தலையணை வேறு. சனம் ரோட்டோரம் நின்று, “எழும்புடா எழும்புடா!” என்று கத்திச் சிரிக்கும்.

கெவின் எனக்கு ஒரு வாக்குத் தந்தார். முதல் சீசன் நன்றாகப் போனால், இந்த வேலைக்கு இந்த நாட்டில் இவனை விட்டால் ஆள் இல்லை என்று கடிதம் எழுதித் தருவேன் என்றார். அந்தக் கடிதம் இருந்தால் எனக்கு நிரந்தர விசா. விசா வந்தால் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம். ஆகவே அந்த ஆறு சைக்கிளும் ஓடினால்தான் என் குடும்பம் பிளேனில் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

2. விளங்காத விளையாட்டு

வெள்ளைக்காரர் பேசியதை எல்லாம் என் பாஷையில்தான் எழுதுகிறேன். அப்போது எனக்கு அரைவாசி மேரி அக்கா சொல்லித்தான் விளங்கியது. மற்ற அரைவாசி விளங்கவே இல்லை.

முதலில், ஓட்டக்காரர் எல்லோரும் கால் மயிரைச் சவரம் செய்தார்கள். விழுந்தால் காயம் கழுவ லேசாம். விழுவதற்கு இவ்வளவு ஆயத்தமா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

இரண்டாவது, பந்தயம் என்றால் யார் கெட்டிக்காரனோ அவன் முன்னுக்குப் போக வேண்டும். ஊரில் அப்படித்தான். இங்கே கெட்டிக்காரன் பின்னுக்கு ஒளிந்துகொண்டு வருகிறான். மற்றவர்கள் அவனுக்காகக் காற்றுக்கு முகம் கொடுத்து, களைத்து, வழியிலேயே கழன்றுவிடுகிறார்கள். எங்கள் கெட்டிக்காரன் டெரெக். பெல்ஜியத்தில் எட்டு வருடம் ஓடிவிட்டு வந்தவன். கப்டன். மெலிந்த ஆள், கதை குறைவு. தன் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான், யாரையும் தொட விடமாட்டான். என்னையும்தான். அது எனக்குச் சற்றுக் கோபம்.

மூன்றாவதுதான் பெரிய குழப்பம். எங்கள் அணியில் பாரி என்றொருவன், புக்ககோஹி பக்கத்துத் தோட்டக்காரன், கழுத்து மரக்குற்றி போல. ஒரு போட்டியில் அவனுக்கு நல்ல நாள். முன்னணியில் டெரெக்கோடு நின்றான். நானும் கெவினும் ஸ்டேஷன் வேகனில் பின்னால், ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்து தாமதமாகிவிட்டோம். போய்ப் பார்த்தால், பாரி ரோட்டோரம் முன் சில்லில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாழைப்பழம் சாப்பிடுகிறான்.

“சில்லு எங்கே?”

“டெரெக்கின்ர சில்லுக்குக் காத்துப் போயிட்டுது. கழட்டிக் குடுத்தன்.”

“நீ முன்னுக்கு நிண்டனியேடா! உன்ர சில்லை ஏன் குடுத்தனி?”

“அவனுக்குத் தேவைப்பட்டது.”

“உனக்கு?”

“நீ சில்லோட வருவாய் எண்டு தெரியுந்தானே” என்று பழத்தோலை வேலிக்கு அங்கால் எறிந்தான்.

அவனுக்குச் சில்லுப் போட்டு அனுப்பினேன். டெரெக் அன்று வென்றான். மேடையில் அவனுக்கு மாலை. பாரி நாற்பதாவதோ ஐம்பதாவதோ. ஒருவனும் அவனைப் பற்றிக் கதைக்கவில்லை. அவனும் பியர் போத்தலோடு சந்தோஷமாக நின்றான். நான் மேரி அக்காவிடம் முறையிட்டேன். “விசரங்கள் அக்கா இவங்கள். கையில வந்ததைத் தூக்கி மற்றவனுக்குக் குடுக்கிறாங்கள்.”

“நீங்க சில்லை மட்டும் பாருங்க தம்பி” என்றார் அக்கா.

நான் சில்லை மட்டும் பார்த்தேன். அந்த சீசன் முழுக்க என் பிழையால் ஒருவரும் நிற்கவில்லை. மற்ற அணிகளின் மெக்கானிக்மாரே என்னிடம் வந்து, நீ எப்படிக் கம்பி இறுக்குகிறாய் என்று கேட்டார்கள். காதை வைத்துக் கேட்பேன் என்று சொன்னேன். நான் பகிடி விடுவதாக நினைத்தார்கள். பகிடி இல்லை. கம்பியை விரலால் தட்டினால் அது சொல்லும்.

3. பெல்ஜியத்தான் விட்ட பிழை

சீசனின் கடைசிப் போட்டி வைட்டாக்கரே மலைப் பக்கம். அதற்கு இரண்டு நாள் முன்பு டெரெக்குக்காக ஒரு மாற்றுச் சைக்கிள் பெல்ஜியத்திலிருந்து பெட்டியில் வந்தது. வேகனின் கூரையில் கட்டிக்கொண்டு போவதற்கு. நான் பாகங்களைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தேன். டெரெக் ஏறித் தொழிற்சாலை முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான். சீட்டுயரம் பார்த்தான்.

“சரியா இருக்கு. அப்பிடியே மேல கட்டு” என்றான்.

அவன் போன பிறகு துணியால் துடைத்தபோதுதான் கண்டேன். இடது கைப் பிடியிலிருந்து வரும் கேபிள் முன் பிரேக்குக்குப் போகிறது. வலது கை பின்னுக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தச் சைக்கிளை எடுத்தாலும் வலது கைதான் முன் பிரேக். இங்கே நான் பூட்டிய மற்ற ஐந்து பேருடையதும் அப்படியே. பெல்ஜியத் தொழிற்சாலையில் எவனோ வெள்ளிக்கிழமை பின்னேரம் அவசரத்தில் மாற்றிப் பூட்டிவிட்டான், அதை டெரெக் கூடக் கவனிக்கவில்லை, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

புதுக் கேபிள் வெட்டி, இரண்டையும் மாற்றிப் பூட்டினேன். அரை மணி நேர வேலை. ஒருவருக்கும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லித் திரிகிறவன் இல்லை நான். அவர்களே ஒரு நாள் கண்டு மெச்சட்டும் என்று நினைத்தேன்.

கடிதம் அதற்குள் டைப் ஆகிவிட்டது. மேரி அக்காவின் மேசையில், கையெழுத்தில்லாமல். போட்டி முடிந்து வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று கெவின் சொல்லியிருந்தார்.

4. வளைவு

போட்டி நாள் மழை. மலை ஏற்றத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே டெரெக்கின் சைக்கிளில் பின் கியர் உடைந்து தொங்கியது. அவன் தானே பார்த்துக்கொண்ட சைக்கிள், நான் தொட்டதில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். வேகன் நிற்க முன்பே குதித்து, கூரையில் கட்டியிருந்ததை இறக்கி, அவனை ஏற்றித் தள்ளிவிட்டேன். பதினைந்து செக்கன் கூட எடுத்திருக்க மாட்டேன். கெவின் என் முதுகில் தட்டினார்.

உச்சி தாண்டி இறக்கம். முதலாவது வளைவில் டெரெக் கிடந்தான்.

சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இடது தோளில் காறை எலும்பு தோலுக்குள் கூடாரம் போலத் தூக்கி நின்றது. அவன் கத்தவில்லை. மழைக்குள் இருந்தபடி தன் வலது கையை விரித்து விரித்துப் பார்த்தான்.

“என்ன நடந்தது?” என்று கெவின் கேட்டார்.

“தெரியேல்லை” என்றான்.

இறக்கத்தில் அவனை வெல்ல ஆள் இல்லை. லேசான வளைவு, எண்ணெய் இல்லை, மணல் இல்லை. எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. தொழிற்சாலைக்கு வந்து சைக்கிளைக் கழுவி, ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுப் பார்த்தேன். பிரேக்கை அமத்திப் பார்த்தேன். வலது கை, முன் சில்லு. இடது கை, பின் சில்லு. எல்லாம் ஒழுங்கு. சைக்கிளில் பிழை இல்லை என்று கெவினிடம் சத்தியம் பண்ணிச் சொன்னேன்.

5. ஆஸ்பத்திரி

செவ்வாய்க்கிழமை மேரி அக்காவோடு பார்க்கப் போனேன். தோளில் சத்திர சிகிச்சை செய்து கட்டியிருந்தார்கள். டெரெக் வழக்கத்தை விட அதிகம் கதைத்தான்.

“எட்டு வருஷம் கல்லு ரோட்டிலயும் மழையிலயும் ஓடினனான். வளைவுக்கு முதல் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சன். முன் சில்லு நிண்டுட்டுது. மூளை ஒண்டு சொல்லுது, கை இன்னொண்டு செய்யுது. இந்தக் கையை நம்பி இனி நான் ரோட்டில இறங்க மாட்டன். கெவினிட்ட சொல்லிப்போடுவன், இதோட விட்டாச்சு.”

அக்கா எனக்குச் சொன்னார். நான், “எந்தக் கையால பிடிச்சவனாம்? கேளுங்கோ” என்றேன்.

“வலது கைன்றாரு.”

“வலது கை முன் பிரேக்தானே அக்கா?”

“நான் பஸ்ல போறவ தம்பி, என்னையக் கேட்டா?” என்றபடி அவனிடம் கேட்டார். பதில் வந்தது. “அவருக்கு இடது கைதான் முன்னாலயாம். அந்த ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தானாம். அவரு மத்த சைக்கிளும் அதே மாதிரியாம். ஏன், என்னா ஆச்சு? ஏன் முகம் இப்படிப் போச்சு?”

நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

பஸ் தரிப்பில் வைத்து அக்காவுக்குச் சொன்னேன்.

“வாயைத் திறக்காதீங்க” என்றார். “லெட்டர் என் மேசையில கெடக்கு. வெள்ளிக்கிழமை சைன் ஆவட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்.”

“அதுக்குள்ள அவன் ஓட்டத்தை விட்டிடுவானே அக்கா. தன்ர கை பழுது எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ கிடக்கிறான்.”

“விடட்டும் லா. அவரு ஊர்ல குண்டு விழல. உங்க பொண்டாட்டி பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க, சொல்லுங்க?”

புதன் முழுக்க ஸ்பிரிங் கட்டு இறக்கினேன். சொல்லலாம் என்று நினைத்தால் பிள்ளைகளின் முகம் வரும். சொல்லாமல் விடலாம் என்று நினைத்தால், விரித்து விரித்துப் பார்த்த அந்தக் கை வரும். சில்லு நெளிந்தால் எந்தக் கம்பியை இறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

6. இரண்டு பிடிகள்

வியாழக்கிழமை மேரி அக்காவுக்குச் சொல்லாமல் தனியே போனேன். அந்தச் சைக்கிளின் ஹான்டிலையே கழற்றி, பிரேக் பிடிகளோடு ஒரு பையில் கொண்டுபோனேன். என் இங்கிலிசை நம்ப முடியாது.

டெரெக்கின் கட்டிலில் ஹான்டிலை வைத்தேன். வலது பிடியைத் தொட்டு, “முன்” என்றேன். இடது பிடியைத் தொட்டு, “பின்” என்றேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டு, “நான் மாத்தினது” என்றேன். “யாழ்ப்பாணம் இப்பிடி. நான் நினைச்சன் பெல்ஜியம் பிழை.”

அவன் ஹான்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் சிரிக்கத் தொடங்கினான். தோள் நோக, முனகி முனகிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

“அப்ப என்ர கையில பிழை இல்லை” என்றான்.

“இல்லை.”

“கை சொன்னதைத்தான் செய்திருக்கு.”

“ஓம். ஓம்.”

அந்த நேரம் பார்த்துக் கெவின் உள்ளே வந்தார். டெரெக் விலகுகிறான் என்று கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறார். கட்டிலில் கிடந்த ஹான்டிலைக் கண்டதும் நின்றார். “இதேன் இஞ்ச?”

நான் எழும்பினேன். வரும் வழியெல்லாம் பாடமாக்கிய வசனம் வாய்க்குள் இருந்தது. “பொஸ், பிரேக்கை நான்தான்…” என்று தொடங்கினேன்.

டெரெக் இடையில் விழுந்தான். “பிரேக்கை மாத்தச் சொன்னது நான்தான், கெவின். இங்கத்தைய மாதிரி ஓடிப் பாப்பம் எண்டு நினைச்சன். சொன்னதை மறந்துபோனன். அதை ஞாபகப்படுத்தத்தான் இவன் ஹான்டிலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.”

எனக்கு அவன் சொன்னதில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியையும் நம்ப முடியவில்லை. கெவினின் முகம் சிவந்தது. அந்தச் சின்னக் குரல் பெரிதாகியதை அன்றுதான் கேட்டேன்.

“பந்தயத்துக்கு ரெண்டு நாளைக்கு முதல் பிரேக்கை மாத்தச் சொல்லிப்போட்டு மறந்து போனியா? நீ ஒரு கப்டனா?”

“மன்னிச்சுக்கொள்” என்றான் டெரெக்.

நான் திரும்பவும் வாயைத் திறந்தேன். டெரெக் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. நான் மூடிக்கொண்டேன். அன்று மூடிய வாயைக் கெவினிடம் பிறகும் நான் திறக்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. மேரி அக்கா கொண்டுவந்து தந்துவிட்டு, “நல்லவேளை, சொல்லாம இருந்தீங்க” என்றார்.

“சொன்னனான் அக்கா.”

நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, “என்னா மனுசங்க லா இவங்க” என்று மட்டும் சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு தையல் பகுதிக்குப் போனார்.

அடுத்த சீசன் கெவின் டெரெக்கை விலக்கிப் பாரியைக் கப்டனாக்கினார். டெரெக் அவனுக்காகக் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடினான். நான் அவனைக் கேட்காமல் அவன் சைக்கிளில் ஓர் ஆணியைக் கூடத் தொடவில்லை. அந்த சீசன் முடிய, சைக்கிளால் மெத்தை விற்கவில்லை என்று சொல்லிக் கெவின் அணியைக் கலைத்துவிட்டார். அவ்வளவுதான் அணியின் சரித்திரம். என் குடும்பம் அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்து இறங்கிவிட்டது.

7. கடைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஒருவனுடைய சைக்கிளில் உங்களுக்குப் பிழை என்று படுவது அவன் எட்டு வருடம் பழகிய சரியாக இருக்கலாம். கை வைக்க முன்பு கேளுங்கள். என் இரண்டு கடையிலும் சைக்கிள் உள்ளே வந்தால் முதல் கேள்வி, “முன் பிரேக் எந்தக் கையில்?” சனம் என்னை விசரன் என்று பார்க்கும். பார்க்கட்டும். என் மகளே, “அப்பா, யூ ஆர் எம்பாரஸிங்” என்கிறாள். அவளும் அந்த பிளேனில் வந்தவள்தான்.

தொழில் பாடம் அது. மற்றது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பாரி ஏன் சில்லைக் கழற்றிக் கொடுத்தான், டெரெக் ஏன் கப்டன் பதவியைக் கழற்றிக் கொடுத்தான். கடிதம் பற்றி அவனுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. தான் சொல்லவில்லை என்கிறார் மேரி அக்கா. கடை திறந்த புதிதில் ஒரு தடவை டெரெக்கிடம் நேரே கேட்டேன். “ஏன் அப்பிடிச் சொன்னனி?” அவன் தன் சைக்கிளைக் காட்டி, “பின் டயருக்குக் காத்துக் காணாது, ஒருக்காப் பார்” என்றான்.

இப்போதும் வருகிறான். தலை நரைத்துவிட்டது. வாசலில் சைக்கிளைச் சாத்தும்போதே, நான் கேட்க முன்பு, இடது கையை உயர்த்திக் காட்டுவான். தோள் மட்டத்துக்கு மேல் அந்தக் கை போகாது.